ஜெனிற்றா விட்ட பக்கம்

2010 நவம்பர் 14
மனிசி ஜோசப்பினின் தம்பி சிறில் கனடாவிலிருந்து கோல் எடுத்தான். நத்தார்ப் பண்டிகைக்கு வாறானாம். "சண்டைதான் முடிஞ்சிட்டே அத்தான், இனியென்ன பயம்? உங்களுக்கு என்ன கொண்டு வாற?"

வெட்கத்தை விட்டுச் சொன்னேன்: புத்தகம் வாசிக்கிற மெஷின்.

இந்த வீட்டுக்குள் புத்தகம் வரக்கூடாது. சுனாமிக்குப் பிறகு ஜோசப்பின் போட்ட சட்டம். கடல் வந்த காலை எங்கள் மகள் ஜெனிற்றா புத்தகத்தை எடுக்கத்தானே வீட்டுக்குள் திரும்பி ஓடினாள். நான் வேலை செய்கிற கச்சேரியில், சாப்பாட்டு நேரத்தில், கள்ளன் மாதிரி வாசிக்கிறேன். மெஷினில் தாள் இல்லை. அப்போ அது புத்தகமில்லைத்தானே? ஆரை ஏமாத்துறன் நான்?

நவம்பர் 21
புளியந்தீவில் நல்லரத்தினத்தின் இன்டர்நெற் கடையில் விசாரித்தேன். வீட்டில் இணையம் தேவையில்லையாம், கடையில் ஏற்றிக்கொண்டு போகலாம். கடதாசி மாதிரி மங்கல் திரை என்றால் ஒரு சார்ஜில் கிழமைக் கணக்காக ஓடுமாம். "ஆனா சேர், தமிழ் எழுத்து பெட்டி பெட்டியாத்தான் தெரியும். பக்கத்தைப் படம் பிடிச்சு வெச்சிருப்பாங்க, அதை ஏத்தினாத்தான் சரி. பெரிய திரையா எடுங்க."

சிறிலுக்குச் சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 23
சிறில் கொண்டுவந்த மெஷின் கைக்கு வந்துவிட்டது. அலுமாரியில் சட்டைகளுக்கு அடியில் ஒளித்திருக்கிறேன்.

நல்லரத்தினத்தின் கடையில் முதலில் எதைத் தேடினேன்? அதைத்தான். ஜெனிற்றா எடுக்க ஓடின அவளுடைய நத்தார்ப் பரிசுப் புத்தகத்தை. பழைய புத்தகங்களைப் போடுகிற தளமொன்றில் கிடந்தது. அட்டையைக் கண்டதும் எழும்பி வெளியில போயிற்றன். பிறகு வந்துதான் ஏற்றினேன்.

டிசம்பர் 26
ஜெனிற்றாவின் ஆறாம் ஆண்டு நினைவுப் பூசை. மெழுகுதிரி. ஜோசப்பின் படுத்த பிறகு திறந்தேன்.

அந்த நத்தாரன்று அடுப்படியில் பிள்ளை தாய்க்குக் கதை சொல்லி நிறுத்தின இடம்வரை வாசித்தேன். இளவரசி கிணற்றுக்குள் இறங்குகிறாள். "மிச்சம் விடியச் சொல்றன் அம்மா." விடிஞ்சுதானே! நல்லா விடிஞ்சுது.

அதுக்கங்கால பொத்தானை அமத்தக் கை வருகுதில்ல. என்ட கர்த்தரே.

2011 ஜனவரி 8
மழை விடுகுதில்லை. வாவி ரோட்டுக்கு ஏறிவிட்டது. ஜோசப்பின் சாப்பிடாமல், கதவடியில் நின்று தண்ணியையே பார்க்கிறாள்.

ஜனவரி 10
பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம். காலையில் வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணி. வாசல் படலையைத் தாண்டினதும்தான் மெஷின் ஞாபகம் வந்தது. திரும்பி ஓடினேன்.

ஜோசப்பின் கத்தின கத்து! "போகாதீங்க! நீங்களுமா?"

அதே குரல். அன்றைக்குப் பிள்ளையைக் கூப்பிட்ட குரல். நின்றுவிட்டேன். கிறுகியும் பாராமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். போனால் போகட்டும், மெஷின்தானே. ஆனா பிள்ளையை இன்னொருக்காத் தண்ணிக்கு விட்டுட்டு வந்த மாதிரிக் கிடக்கு—

ஜனவரி 11
இன்னும் கரண்ட் இல்லை. மத்தியானம் ஜோசப்பின் உடுப்புப் பையைக் கிளறி, சொப்பிங் பையில் சுற்றின ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தாள். மெஷின்!

"அலுமாரி அடுக்கிறது ஆரு? எனக்குத் தெரியாதெண்டா நினைச்சீங்க?"

பையை அவிழ்த்துப் பார்த்தேன், ஒரு சொட்டுத் தண்ணி படவில்லை.

"புள்ள சொன்ன கதை இதுக்குள்ள கிடக்கா?"

"ஓம்."

"கிணத்துக்குள்ள இறங்கினவள் ஏறி வாறாளா?"

"தெரியா. நான் அங்கால வாசிக்கல்ல."

சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "வாசிங்க, கேப்பம்."

பொத்தானை அமத்தினேன்.