பிராக் மணிக்கூண்டுல தலையாட்டுற எலும்புக்கூடு

இன்னைக்கு துபாய் அல் குசைஸ்ல ஒரு புது பில்டிங், லிஃப்ட் டெஸ்டிங். மூணாவது மாடில வந்து நின்னு 'டிங்'னு மணி அடிச்சுது. என் தலை தானா ஒரு தடவை மேலயும் கீழயும் ஆடுச்சு. கூட நின்ன எலக்ட்ரீஷியன் சாகுல் பாய் சிரிச்சாரு.

"யோவ், யாருக்குய்யா ஆமா போடுறே?"

"மணி ஓகே பாய்"னேன். அது பொய்னு உனக்கு மட்டுந்தான் தெரியும்.

நாம குடியிருந்த சத்வா ரூம்ல சப்பாத்தி தேய்ச்சுக்கிட்டே பிராக் நகரத்தைப் பத்திப் பேசுவே. மத்த பொண்ணுங்க தேரா பஜார்ல தங்கம் பாக்கப் போனா, நீ பழைய புத்தகக் கடையில அந்த ஊரு டூரிஸ்ட் புக்கைப் புடிச்சே. அங்க கோட்டையில அதிகாரிங்களை ஜன்னல் வழியா தூக்கி வெளிய எறிஞ்சாங்களாம், அதுலேருந்து ஒரு பெரிய யுத்தமே வந்துச்சாம். "விழுந்தவங்க சாகலைங்க. சாணிக் குப்பைல விழுந்து எந்திரிச்சு ஓடிட்டாங்களாம்!" சொல்லி முடிக்கிறதுக்குள்ள சப்பாத்தி கருகிரும்.

ஆனா உனக்கு உசுரு அந்த மணிக்கூண்டுதான். அறுநூறு வருஷத்துக் கடிகாரம். இன்னொண்ணு செஞ்சிரக் கூடாதுன்னு, செஞ்சவன் கண்ணையே குத்திட்டாங்கன்னு ஒரு கதை. மணிக்கு மணி ஒரு எலும்புக்கூடு, அதான் சாவாம், கயித்தை இழுத்து மணியடிச்சு, 'வா'ன்னு தலையாட்டுமாம். கண்ணாடி பாக்கறவன், பணப்பைக்காரன், துருக்கிக்காரன், இந்த மூணு பொம்மையும் மாட்டேன்னு இடமும் வலமும் ஆட்டுமாம்.

"அது கூப்பிட்டா நீங்க எப்படி ஆட்டுவீங்க?"

"உள்ள ஒரு சக்கரம், ஒரு லீவர். ஆட்டிவிட்டா ஆடும்."

"எங்கப்பாவுக்கு வேற மாப்பிள்ளையே கிடைக்கலை பாரு!"

ரெண்டு பேருக்கும் பிராக் விசா வந்துச்சு. லீவு கிடைச்சுச்சு. நீ ஸ்வெட்டரை மடிச்சுக்கிட்டே தலை வலிக்குதுன்னு உக்காந்தே. மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருச்சுன்னாங்க. கலாஸ்.

பிணவறையில துணியை விலக்கி, "இவங்கதானா?"ன்னான். தலையாட்டினேன். "பாடி ஊருக்கா?" ஆட்டினேன். கான்சுலேட்ல உன் பாஸ்போர்ட்டை கேன்சல் பண்ணி மூலையை வெட்டினான். பிராக் விசா ஒட்டியிருந்த பக்கமும் சேந்து வெட்டுப்பட்டுச்சு. "சரிதானே?" அதுக்கும் ஆட்டினேன். கார்கோல உன்னைப் பெட்டியோட எடை போட்டாங்க. மெஷின் லெவலா இருக்கான்னு குனிஞ்சு பாத்தேன். லெவலாத்தான் இருந்துச்சு.

என் விசா மட்டும் உயிரோட இருந்துச்சு. உன் தலைத்திவசத்துக்கு முன்னாடியே அதுவும் முடிஞ்சிரும். பிராக் போறதா வேண்டாமான்னு தெரியாம ஒருநாள் உங்கம்மாகிட்ட சொன்னேன்.

"எம் பொண்ணைப் பெட்டில போட்டு அனுப்பிட்டு, வருஷம் திரும்பறதுக்குள்ள ஊர் சுத்தக் கெளம்பிட்டீங்களா மாப்ள? நல்லா இருங்க."

அத்தை போனை வச்சுட்டாங்க. நான் போனேன்.

குளிரு. மணிக்கூண்டுக்குக் கீழ கூட்டம். புதுசா கல்யாணமான ஒரு ஜோடி, எங்களை ஒரு போட்டோ எடுங்கன்னு கேமராவை என் கையில குடுத்து, கடிகாரத்துக்கு முன்னாடி ஒட்டி நின்னுச்சு. அந்தக் கூட்டத்துல தனியா நின்னவன் நான்தான்போல.

எலும்புக்கூடு கயித்தை இழுத்துச்சு. தலையாட்டுச்சு. மூணு பொம்மையும் மாட்டேன் மாட்டேன்னுச்சு. ஜனங்க கைதட்டினாங்க. உள்ள சக்கரம் எங்க இருக்கும்னு கணக்குப் போட்டுக்கிட்டே நிக்கறேன், என் தலை மேலயும் கீழயும் ஆடிருச்சு. கேமராவும் சேந்து ஆடி, போட்டோ மங்கிப் போச்சு. அந்தப் பொண்ணு பாத்துட்டு, "இன்னொண்ணு?"ன்னா.

அதுக்கும் ஆட்டினேன்.

நீ கேட்டதுக்குப் பதில் இதுதான்டி. மரத்துல செஞ்ச பொம்மை மணிக்கு மணி மாட்டேங்குது. உன்னைத் தூக்கிட்டுப் போறப்ப யாரு என்ன கேட்டாலும், இடமும் வலமுமா ஒரு தடவைகூட என் தலை ஆடலை.

சாகுல் பாய் "யல்லா, அடுத்த மாடி"ங்கிறாரு. இன்னும் ஆறு மாடி இருக்கு. ஒவ்வொரு மாடியிலயும் ஒரு மணி இருக்கு.