டீ தொட்ட சிறகு

மார்ச் 3
கோதுமை குடோன் ஒட்டு அட்டையில் இன்றைக்குப் பதினோரு பூச்சி. எல்லாம் சாம்பல் அந்து. அதுக்குப் பெருக்கினால் போதும். உடம்போரம் வெளுப்பு, சிறகு நுனி செம்பு, நடுவில் கறுப்புக் கோடு – அப்படி ஒன்று வந்தால் குடோனை மூடி விஷக்காத்து மருந்து வைக்கணும் என்பது பூச்சி ஒழிக்க வருகிற பூச்சி சார் கட்டளை. குடோன் கூட்டுகிற எனக்குத்தான் கண் கூர்மையாம். எழுத்தைத்தான் கூட்டிப் படிக்கணும்.

மார்ச் 5
ஒரு சாம்பல் அந்துக்கு ஈர்க்குச்சியால் சிறகில் டீ தொட்டு வைத்தேன். பூச்சி சார் லென்ஸோடு குனிந்தவர் மூச்சே விடவில்லை. "வந்துட்டான்யா."
டம்ளரை நீட்டினேன். "மிச்சம் இருக்கு, குடிக்கிறீங்களா சார்?"
காவலாளி அண்ணனுக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது.

மார்ச் 9
நிஜமாகவே வந்துவிட்டது. நாலு. சார் முகர்ந்து பார்த்துத்தான் நம்பினார். நாளை மறுநாள் மருந்து.

மார்ச் 10
குடோன் பின்சுவரை ஒட்டி இரண்டு அறை. ஒன்றில் தங்கச்சி, ஒன்றில் காவலாளி அண்ணன். இரண்டு பேருக்கும் ராத்திரி வேலை, பகலில் தூக்கம். இன்றைக்கு அவள் தலையணையில் ஒன்று. வெளுப்பு, கோடு, செம்பு. கட்டிலை நகர்த்தினால் சுவரில் விரல் நுழைகிற வெடிப்பு, அடுத்த அறைவரைக்கும் ஓடுகிறது. பூச்சி வர்ற வழியில மருந்துக் காத்து வராதா?

மார்ச் 11
காலையிலேயே அந்தத் தலையணைப் பூச்சியைத் தீப்பெட்டியில் போட்டு சாரிடம் கொடுத்தேன். வெடிப்பையும் சொன்னேன். "எத்தனை டம்ளர் டீ செலவாச்சுக்கா?" பெட்டியைத் திறக்கவே இல்லை.
காவலாளி அண்ணன் கதவைத் தட்டினேன். "சுவர்ல வெடிப்புண்ணே. இன்னைக்கு எங்க வீட்ல வந்து படுங்க."
"போம்மா, டீக்கடையை வேற எங்கயாவது போடு." தாழ்ப்பாள் விழுந்தது.
தங்கச்சியிடம் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. "மாமா வழுக்கி விழுந்துட்டாருடி" என்றேன். தலைமுடிகூடக் கட்டாமல் ஓடிவந்தாள். அவள் மாமா, என் வீட்டுக்காரர், வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார். "நீயெல்லாம் ஒரு அக்காவா?" திட்டட்டும். இப்போது வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறாள்.
மருந்து வச்சிருப்பாங்க இந்நேரம்.

மார்ச் 12
நேற்று சாயங்காலம் காவலாளி அண்ணன் வேலைக்கு வரவில்லை. கதவை உடைத்தார்கள். தூக்கத்திலேயே போயிருந்தார்.
தங்கச்சி தலையணையில் ஆறு பூச்சி, அசையாமல். சார் லென்ஸை வெளியே எடுக்கவில்லை.

மார்ச் 16
அட்டையில் ஒன்றும் இல்லை. பூஜ்யம் போட்டேன்.
கூடப் பிறந்தவளிடம் பொய் சொன்னேன். அண்ணனிடம் மட்டும் ஏன் உண்மையைச் சொன்னேன்?