வெனிஸ் மணிச் சரம்

மஸ்கட்
12.3.1988

அன்புள்ள ஞானம்,

நான் சுகம். நீயும் உன் பள்ளிக்கூடமும் சுகமா? இந்த வருஷமும் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே. நம்ம சென்னீர்குப்பம் வேம்புலி ஊருக்கு வருகிறான். அவனிடம் இந்தக் கடிதத்தோடு ஒரு மணிச் சரமும் கொடுத்திருக்கிறேன். இங்கே மத்ரா சந்தையில் ஒரு கிழவரிடம் வாங்கினேன். வெனிஸில் செய்த கண்ணாடி மணி, நூறு வருஷப் பழசு என்றார். உன் மணி ஆராய்ச்சிக்கு ஆகும்.

உன் அருள்தாஸ்


திருநின்றவூர்
29.3.1988

அன்புள்ள அத்தானுக்கு,

ஆண்டவர் உங்களைக் காக்கட்டும். குருத்தோலை ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் சரத்தை லென்ஸில் பார்த்தேன். மணி செய்யும் கம்பியில் பூசுகிற வெள்ளை மண் துளைக்குள்ளிருந்து பொடியாக உதிர்கிறது. பழைய வெனிஸ் மணியில் நூல் உராய்ந்து துளையின் விளிம்பு மழுங்கியிருக்கும், பொடி என்றோ போயிருக்கும். இது நம் நாட்டில், இப்போது செய்த மணி.

கிழவர் உங்களை ஏமாற்றிவிட்டாரே, யார் அவர் என்று வேம்புலியிடம் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "கெய்வன் எவனும் இல்ல அண்ணி. பம்பாய்ல ரோட்டுக் கடையில வாங்கினாரு. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் லீவுல வந்தோம். அண்ணாத்தே அங்கியே லாட்ஜ்ல தங்கிக்கினாரு."

லாட்ஜ் விலாசம் அவனுக்குத் தெரியவில்லை. அதனால் மஸ்கட்டுக்கே எழுதுகிறேன். பம்பாயில் யாரோடு இருக்கிறீர்கள்?

உங்கள் அன்பு ஞானம்


மஸ்கட்
20.5.1988

ஞானம்,

லீவு முடிந்து வந்ததும் உன் கடிதத்தைப் பார்த்தேன். வேம்புலி சொன்னது நிஜம். ஆனால் யாரோடும் இல்லை. தனியாகத்தான் படுத்துக் கிடந்தேன். ஒரு நாள் மெட்ராஸுக்கு டிக்கெட் எடுத்து ஸ்டேஷன் வரை போனேன். ரயில் புறப்பட்டுப் போனதும் அறைக்கே திரும்பிவிட்டேன்.

போன தடவை வந்தபோது உன்னிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் மணிகளைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன். நீயும் வெனிஸ் மணி, பொஹீமியா மணி என்று சந்தோஷமாகச் சொன்னாய். எனக்கு அதில் ஒரு நாளும் பிடிப்பு இருந்ததில்லை. உனக்குப் பிடிக்குமே என்றுதான் வாங்கி அனுப்பினேன்.

அருள்தாஸ்


திருநின்றவூர்
11.6.1988

அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. ஒருத்தி இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். என்னோடு இருப்பதைவிட ஒரு வெறும் அறை மேல் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. அதற்கு நான் என்ன செய்ய?

கல்யாணமான வருஷம் நீங்கள் ஒரு நீல மணி கொண்டுவந்தீர்கள். உங்களுக்கு இதில் ஆசை போலிருக்கிறது, நாமும் தெரிந்துகொண்டால் பேச ஒன்று இருக்கும் என்றுதான் எழும்பூர் நூலகத்துக்கு ரயிலேறிப் போய்ப் படிக்க ஆரம்பித்தேன். இப்போது மணியை விட்டால் எனக்குப் பேச வேறொன்றும் தெரியவில்லை.

வேம்புலியைக் கோபிக்காதீர்கள். கேட்டது நான்தான். இனி எதுவும் கேட்கமாட்டேன்.

ஞானகுமாரி