எடுக்காமல் விட்ட துளிச் சதை

ஆகஸ்ட் 12, செவ்வாய். சிட்லபாக்கம்.

எழுத வேண்டியவை: 1. இன்று புதிய டாக்டர் சொன்னது. 2. பழைய டாக்டர் செய்தது. 3. அவர் சொல்லாமல் விட்டது.

என் மனைவி ஸ்டெல்லாவின் இதய உறையில் மூன்றாம் முறையாக நீர் கோத்திருக்கிறது. "டிபி மாதிரி தெரியலை சார். உறையிலேயே வர்ற கேன்சரா இருக்கலாம், ரொம்ப அபூர்வம். நீர்ல தெரியாது. உறையிலேருந்து துளி சதை எடுத்து பயாப்ஸி பண்ணியிருக்கணும்" என்றார் புதியவர்.

பழையவர் இரண்டு முறை ஊசியால் நீரை எடுத்துவிட்டு, நான்கு மாதம் டிபி மாத்திரை கொடுத்தார். அவள் பாதியாகிவிட்டாள். பயாப்ஸி என்று அந்த மனிதர் வாயே திறக்கவில்லை. நாளை பம்மலில் அவர் கிளினிக்குக்கே போய் நேருக்கு நேர் கேட்பேன். வாழ்க்கையில் முதல் முறையாகக் குரலை உயர்த்துவேன்.

"நீங்களா? ஹோட்டல்ல இன்னும் கொஞ்சம் சாம்பார் கேக்கவே என்னைத்தானே சொல்லுவீங்க" என்று, நான் இதைச் சொன்னதும் ஸ்டெல்லா மூச்சு வாங்கியபடி சிரித்தாள்.

தேதிகளைச் சரிபார்க்க ஃபைலை எடுத்தேன். எல்லாம் வரிசையாகத்தான் வைத்திருக்கிறேன். ஏப்ரல் தாள்களுக்கு நடுவே ஒரு படிவம். "உறையில் சதை எடுக்கும் ஆபரேஷனுக்குச் சம்மதமில்லை." கீழே என் கையெழுத்து. ஆபரேஷன் என்ற சொல்லுக்கே பயந்து, எதற்கு என்று கேட்காமல் போட்டிருக்கிறேன். ஸ்டெல்லாவையும் கேட்கவில்லை.

மூன்றாவது குறிப்பு தவறு. அவர் சொல்லியிருக்கிறார். காலையில் இதை ஸ்டெல்லாவிடம் சொல்ல வேண்டும்.