ஊஞ்சலோடு நின்ற கல்யாணம்

இன்று காலை டிவி மேசையைச் சுவரிலிருந்து நகர்த்தினேன். புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறேன். நீ எனக்குத் தயிர்சாதம் கட்டிக் கொடுப்பாயே, அந்த டப்பா அளவுதான் இருக்கும். மேசையின் பின்பலகை இடுக்கில் ஓர் அரிசி மாட்டியிருந்தது. மஞ்சள் போய் வெளுத்த அரிசி. அதைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க மனம் வரவில்லை.

நம் பேத்திக்கு அமெரிக்காவில் கல்யாணம். இந்த வயதில் அத்தனை தூரம் என்னால் பறக்க முடியாது. "நடக்கும்போதே டிவியில பாக்கலாம்ப்பா. ஒரு சின்னப் பெட்டி மட்டும் வாங்கிடு" என்றான் நம் பிள்ளை. கடையில் இருந்த பெண் நாலைந்து வகைகளைக் காட்டி, வேகம், கொள்ளளவு என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் கேட்டது ஒன்றுதான். "இதுக்கு மூச்சு விட வழி இருக்காம்மா?" அவள் சிரித்துவிட்டுப் பக்கவாட்டுத் துளைகளைக் காட்டினாள். "இத மட்டும் மூடிடாதீங்க சார்."

அன்று நம் பிள்ளையின் கல்யாணமும் அமெரிக்காவில்தான்; உன்னால் போக முடியவில்லை. உன் இதயத்துக்கு விமானம் ஆகாது என்றார் டாக்டர். உன்னை விட்டு நானும் போகவில்லை. கல்யாணத்தை ஒரு சிடியில் போட்டு அனுப்பினான். தொண்ணூறுகளின் கடைசி அது. சிடி வந்துவிட்டது, அதைப் போட்டுப் பார்க்க வீட்டில் ஒன்றும் இல்லை. தி.நகரில் ஒரு கடைக்குப் போனோம்.

"படம் பாக்கத்தானேம்மா? பிளேயரே போதும்" என்றார் கடைக்காரர்.

"அது படம் காட்டும். நாளைக்கு எம்பிள்ளை கம்ப்யூட்டர்ல கடுதாசி போட்டா, அது படிக்குமா?" என்றாய். அவர் உயரமான ஒரு கம்ப்யூட்டர் பெட்டியைக் காட்டினார். "அரிசி டின்னாட்டம் இருக்கு. இதை யாராவது ஆத்துல கூடத்துல வெப்பாளா?" கடைசியில் டிவிக்கு அடியில் படுத்துக்கொள்ளும் ஒரு பெட்டியை நீயே தேர்ந்தெடுத்தாய்.

பெசன்ட் நகர்க் கடற்காற்று எதை விட்டது? ஜன்னல் கம்பி, என் சைக்கிள், மொட்டைமாடி நாற்காலி எல்லாவற்றையும் தின்றது. இதையாவது காப்பாற்ற வேண்டும் என்று நீலத் திரைச்சீலையில் உள்துணி வைத்து உறை தைத்தாய். சிடி போட மட்டும் முன்னால் ஒரு திறப்பு. வாங்கிய பொருளுக்கெல்லாம் உறை தைக்கும் வீடு நம்முடையது.

முதல் நாள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு டிவி முன் உட்கார்ந்தாய். மடியில் வெள்ளிக் கிண்ணம் நிறைய அட்சதை. "நொய் ஒண்ணுகூட வரப்படாது" என்று முழு அரிசியாகப் பொறுக்கி மஞ்சள் தடவியிருந்தாய். காசியாத்திரை போனான், மாலை மாற்றினார்கள், ஊஞ்சலில் உட்கார்ந்தார்கள். ஊஞ்சல் ஒருமுறை முன்னால் வந்தது. அப்படியே நின்றது. பிறகு திரை இருண்டது.

மறுநாள் மெக்கானிக் வந்து உறையைக் கழற்றிவிட்டு, சிடியைப் போட்டுப் பார்த்தார். "சூப்பரா ஓடிக்கினு கீதேம்மா! நேரா தாலி கட்ற எடத்துக்குப் போவட்டா?"

"கல்யாணத்துக்கு வரவா முகூர்த்தத்துல வந்து குதிப்பாளா? நான் முதல்லேர்ந்துதான் வருவேன்."

"அப்ப காசிக்குப் போய்ட்டு மெதுவா வாங்கம்மா" என்று சிரித்துக்கொண்டே போனார். நீ உறையைத் திரும்ப மாட்டினாய். திரும்பவும் ஊஞ்சலில் நின்றது. "இப்படியே உக்காந்திருந்தா குழந்தைக்குக் கால் மரத்துப்போகாதோ?" என்றாய். சிடிதான் கோளாறு என்று முடிவு செய்தோம். அவனிடம் சொல்லக் கூடாது, மனசு கஷ்டப்படுவான் என்றாய்.

அந்த வாரமே போன் செய்தான். "பாத்தியாம்மா? தாலி கட்டறதுக்கு முன்னாடி உங்கிட்ட பேசினேனே, கேட்டியா?"

"கேட்டேண்டா கண்ணா. கண் நிறையப் பாத்தேன்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். "ஏன்னா, என்ன சொல்லியிருப்பான்?"

காய் நறுக்கும்போது கேட்டாய். விளக்கேற்றிவிட்டு வந்து கேட்டாய். "சாப்ட்டியான்னு கேட்டிருப்பானோ?" மெக்கானிக்கை மறுபடி கூப்பிடுகிறேன் என்றேன். "வரட்டும். ஆனா முதல்லேர்ந்துதான்" என்றாய். அவர் வருவதற்குள் நீ போய்விட்டாய்.

தீட்டுக் கழிக்க வீட்டிலிருந்த துணியையெல்லாம் நனைத்துப் போட்டார்கள். உறையும் கொடியில் தொங்கியது. பதின்மூன்றாம் நாள் கழிந்து, ஊருக்குக் கிளம்புமுன் பிள்ளை சொன்னான்: "அம்மா பாத்த மாதிரி நானும் ஒருதடவை பாக்கணும்ப்பா." போட்டோம். ஊஞ்சல் முன்னால் வந்தது. பின்னால் போனது. மறுபடி வந்தது.

குனிந்து பார்த்தேன். டிவிக்கு அடியில் அந்தப் பெட்டி உறையில்லாமல் இருந்தது. சித்திரை வெயிலில் ஒருவனுக்குக் கம்பளி போர்த்தி ஓடச் சொன்னால் எவ்வளவு தூரம் ஓடுவான்? பாதி வழியில் விழுவான். நீ போர்த்தியதும் அன்பால்தான்.

திரையில் அவன் மணவறையிலிருந்து நம்மைத் திரும்பிப் பார்த்தான். "அம்மா, கட்டப்போறேன். நீ அங்கேர்ந்தே அட்சதை போடு."

இதைத்தான் சொல்லியிருந்தான். கிண்ணத்தை வைத்துக்கொண்டு நீ தயாராகத்தான் உட்கார்ந்திருந்தாய்.

பக்கத்தில் இருந்தவன் என் கையைப் பிடித்தான். "அம்மா போட்டாளாப்பா?"

"போட்டா. நாலு அரிசி எம்மேலயும் விழுந்தது" என்றேன். அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். இன்றுவரை அவனுக்கு அதுதான் தெரியும்.

அவனை ஏர்போர்ட்டுக்கு அனுப்பிவிட்டு, பூஜை அலமாரியில் நீ வைத்திருந்த கிண்ணத்தை எடுத்துவந்தேன். காசியாத்திரையிலிருந்து பார்த்தேன், நீ சொன்னபடி. அவன் கேட்ட அந்த இடத்தில், இரண்டு கையாலும் அள்ளிப் போட்டேன். நீயும் நானும் அவனிடம் சொன்னது பொய்யாக நிற்கக் கூடாது. பிறகு துடைப்பத்தை எடுத்துப் பெருக்கினேன். எல்லாம் போயிற்று என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

காலையில் கிடைத்த அரிசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முனைகூட உடையவில்லை. பேத்திக்காக அரிசி பொறுக்கி, மஞ்சள் தடவி, அதே வெள்ளிக் கிண்ணத்தில் வைத்திருக்கிறேன். உன்னுடையதற்கும் மஞ்சள் தடவி அதில் கலந்துவிட்டேன். இப்போது உன்னுடையது எது என்று எனக்கே தெரியவில்லை.