நீ சொன்ன ஏளா

மாப்பிள்ளையூரணி

அன்பு மகள் ஈவாஞ்சலினுக்கு அம்மா எழுதுவது, ஆண்டவர் கிருபையால் அப்பாவும் நானும் சுகம். நீயும் சுகம் என்று போனில் சொல்லுகிறாய், அந்தக் குரலைக் கேட்டால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. போனை விட்டுவிட்டுக் கடிதம் எழுதக் காரணம் உண்டு. நீ பேசும்போதெல்லாம் உன்னோடு தங்கியிருக்கிற விஜிலா டீச்சர் பக்கத்திலேயே இருக்கிறாள், டம்ளர் வைக்கிற சத்தம்கூட இங்கே கேட்கிறது, நான் சொல்ல வந்ததோ அவளைப் பற்றியும்தான். ஹார்பரில் வேலை கூடுதல் என்று அப்பா ஞாயிறு ஆராதனைக்கும் வரவில்லை, வேலைதானா என்று விசாரிக்க வேண்டும். மீன்காரி கொண்டுவந்த சீலாவில் ஐஸ் வாடை அடித்தது, திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இனி உன் விஷயம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நின்ற பிள்ளையை ஏளா என்று கூப்பிட்டாய், அவள் அழுதுகொண்டு போனவள் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை, அவள் அப்பா வந்து டீச்சர் மரியாதையில்லாமல் பேசிவிட்டாள் என்று சண்டை போட்டார், ஹெச்.எம். உன்னை விளக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். எங்கள் ஊரில் பெண்பிள்ளைகளைப் பாசமாக அப்படித்தான் கூப்பிடுவோம், ஓசூர்க்காரர்களுக்குப் புரியவில்லை என்று எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னாய். சேர்ந்த வருஷமே வேலை போய்விடுமோ என்று பயந்துதான் விசாரிக்கக் கிளம்பினேன்.

முதலில் விஜிலா மேல்தான் எனக்குச் சந்தேகம். அவள் சாயர்புரத்துக்காரி, உன் பள்ளிக்கூடத்தில் நம் பேச்சு தெரிந்தவள் அவள் ஒருத்திதான், அவள்தான் ஹெச்.எம். காதில் ஏதோ போட்டிருப்பாள் என்று நினைத்தேன். ஏரலுக்குப் போகிற சாக்கில் சாயர்புரத்தில் இறங்கி அவள் அம்மா வீட்டுக்கே போய்விட்டேன். அந்த அம்மாள் காப்பி கொடுத்துவிட்டு, எம்மவ ஒங்க பிள்ளைக்காவ ஹெச்.எம். கிட்ட மல்லுக்கட்டி நின்னிருக்கா, எங்க ஊருல பாசமா கூப்பிடுத வார்த்தைன்னு சொல்லிருக்கா என்றாள். எதற்கு இவ்வளவு நல்ல மனசு என்று நான் விடாமல் துருவினேன். கடைசியில் உண்மை வந்தது. பக்கத்து வகுப்பிலிருந்த விஜிலாவுக்கு உன் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டதாம், அது பாசமாகக் கூப்பிட்ட சத்தம் இல்லையாம். உன் வேலைக்காக அவள் பொய் சொல்லியிருக்கிறாள்.

ஈவா, கோபப்படாமல் வாசி. ஏளா என்று நாம் கொஞ்சவும் செய்வோம், எரிந்து விழவும் செய்வோம். என்ன சொன்னாய் என்று சொன்னாயே தவிர எப்படிச் சொன்னாய் என்று நீ சொல்லவில்லை. பெத்த பிள்ளையவே சந்தேகப்படுதியா ஏளா என்று அப்பா என்னைச் சத்தம் போட்டார்கள், அந்த ஏளாவிலும் பாசம் ஒன்றும் இல்லை. நம் பேச்சு அந்தப் பிள்ளைக்குத் தெரியாது, ஆனால் நீ அதட்டியது தெரியும். அதனால் ஊர்ப்பேச்சு என்று எழுதிக் கொடுக்காதே. அவள் வீட்டுக்குப் போய், தப்பு என்மேல் என்று அவளிடமே சொல், விளக்கத்திலும் அதையே எழுது. வேலை போனால் போகட்டும், இங்கே வா, சோறு இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு, அங்கே குளிர் கூடுதல், தலையில் ஈரத்தோடு போகாதே. ஆண்டவர் உன்னையும் உன் வாயையும் காத்துக்கொள்வார். பதிலில் அந்தப் பிள்ளையின் பேரை எழுது. போனில் இத்தனை தடவை அழுதாய், ஒரு தடவைகூட நீ அவள் பேரைச் சொல்லவில்லை, தெரியுமா தெரியாதா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

உன் அம்மா
ரேச்சல்