குடும்பத்து நெஞ்சு

தங்கச்சிமடம்
6.3.1962

அன்புள்ள தம்பிக்கு,

பூசை முடிந்து கோயில் வாசலில் நான் பேசிய நாளிலிருந்து நீ என் வீட்டுப் பக்கம் வரவில்லை. “குடும்ப நோயை ஊருக்கே சொல்லிட்டியே, என் மகளை இனி எவன் கட்டுவான்?” என்று கேட்டாய்.

நம்ம அய்யா கரைவலை இழுக்கும்போது விழுந்து இறந்தார். பேய் அடித்தது என்றோம். என் மகன் எட்வர்டும் அப்படியே போனான். அவனை அறுத்துப் பார்த்த டாக்டர்தான், இது இருதயத் தசை தடித்துப்போகும் நோய், பரம்பரையாக வரும் என்றார். அதைத்தான் சொன்னேன்.

நேற்று உன் மகள் வந்தாள். “அத்த, குடம் தூக்குனா நெஞ்சு அடைக்குது. எங்க அய்யாகிட்ட சொல்லல” என்றாள்.

வெள்ளிக்கிழமை ரயிலில் அவளை மதுரைக்குக் கூட்டிப்போகிறேன். திட்டாதே. நீயும் ஸ்டேஷனுக்கு வா. உன் நெஞ்சையும் டாக்டர் பார்க்க வேண்டும்.

உன் அக்கா